டீப்பில் நிற்பவர்களுக்கு: பேஸ்பால் அவுட்ஃபீல்டர் மாதிரி பந்தைத் துரத்திப் பிடிக்கப் பழகுவது எப்படி

வேலூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற டென்னிஸ் பால் மேட்ச் எதையாவது நின்று பாருங்கள். பந்து போட வராதவர், அடிக்க வராதவர், போன வாரம்தான் டீமில் சேர்ந்த பொடியன், இவர்களையெல்லாம் "போய் லாங் ஆன்ல நில்லுடா" என்று பவுண்டரிக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசி ஓவரில் பந்து எங்கே போகும்? நேரே அங்கேதான். கேட்சை விட்டதும் பதினோரு பேரும் அவனைத் திட்டுவார்கள், அவனுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

பேஸ்பாலில் கதை வேறு. அங்கே பின்னால் லெஃப்ட், சென்டர், ரைட் என்று மூன்றே மூன்று அவுட்ஃபீல்டர்கள். நடுவில் நிற்கிற சென்டர் ஃபீல்டருக்குப் பின்னால் இருக்கிற சுவர் பல மைதானங்களில் அடிக்கிற இடத்திலிருந்து 400 அடி தூரம், அதாவது சுமார் 120 மீட்டர். அவ்வளவு பரப்பையும் ஓடிக் கவனிக்கத் தெரிந்தால், பேட்டிங் சுமாராக இருந்தாலும் அந்த ஒரு வேலைக்காகவே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இதற்கு நான் எப்போதும் காட்டுகிற ஆள் அமெரிக்க பேஸ்பாலில் சென்டர் ஃபீல்டராக ஆடிய கெவின் கியர்மேயர். டீம்கள் புது ஆட்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கிற 2010 டிராஃப்டில் டம்பா பே ரேஸ் டீம் அவரை 31வது சுற்றில்தான் எடுத்தது. அவருக்கு முன்னால் 940 பேரைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள். பெரிய லீகில், அதாவது அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில், அவர் முதன்முதலாகக் கால் வைத்தது 2013 செப்டம்பர் 30 அன்று. சீசன் 162 ஆட்டத்தோடு முடிந்தும் டைபிரேக்கராக ஒரு கூடுதல் ஆட்டம் தேவைப்பட்டது, அதில் கடைசி இன்னிங்ஸில் ஃபீல்டிங்குக்காக மட்டும் இறக்கினார்கள். இரண்டே வருடம் கழித்து, 2015இல், நல்ல ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருதும், அந்த வருடம் லீகின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பிளாட்டினம் கிளவ் விருதும் அவரிடம் வந்தன. 2017இல் ஆறு வருடத்துக்கு 5 கோடியே 35 லட்சம் டாலர் ஒப்பந்தம். பெரும்பங்கு எதற்கு? ஓடிப் பிடித்ததற்கு.

சரி, அவரை மாதிரி நாமும் ஆகிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் பழகுகிற முறை ரகசியம் இல்லை, பெரிய செலவும் இல்லை. கிரிக்கெட் ஆடுபவருக்கும், பள்ளி கல்லூரியில் பேஸ்பால் சாஃப்ட்பால் ஆடுகிற பிள்ளைகளுக்கும் சேர்த்தேதான் எழுதுகிறேன். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணியே மைக் யங் என்ற பேஸ்பால் கோச்சைக் கூப்பிட்டு வைத்து ஃபீல்டிங் கற்றுக்கொண்டது என்பதால், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதலில் மண்டையில் ஏற வேண்டிய விஷயம்: கேட்ச் கையில் தவறுவதில்லை, காலில்தான் தவறுகிறது. பந்து மட்டையில் பட்ட முதல் ஒன்றரை நொடியில் நீங்கள் என்ன செய்தீர்களோ அதுதான் மீதியைத் தீர்மானிக்கிறது. டைவ் அடித்துப் பிடித்தால் எல்லோரும் விசில் அடிக்கிறார்கள், ஆனால் அதே பந்தை இரண்டடி முன்னாலேயே கிளம்பியவன் நின்றபடி நெஞ்சுக்கு நேரே பிடித்திருப்பான், அவனுக்கு ஒரு கைதட்டல்கூடக் கிடைக்காது. யார் நல்ல ஃபீல்டர் என்று கேட்டால் நான் இரண்டாவது ஆளைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் இதை அளக்கவே செய்கிறார்கள். 2015 முதல் எல்லாப் பெரிய லீக் மைதானங்களிலும் ஸ்டேட்காஸ்ட் என்ற கண்காணிப்பு முறை இருக்கிறது. பந்து வீசுகிறவர் கையை விட்டுப் பந்து கிளம்பிய முதல் மூன்று நொடியில் அவுட்ஃபீல்டர் சரியான திசையில் எத்தனை அடி கடந்தார் என்று கணக்கெடுத்து அதற்கு ஜம்ப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் ஒன்றரை நொடி எதிர்வினை, அடுத்த ஒன்றரை நொடி வேகம் பிடிப்பது, அப்புறம் போன பாதை நேரா வளைசலா. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

நமக்குக் கேமரா வேண்டாம், ஒரு ஜோடி செருப்பு போதும். நண்பன் ஒருவனை மட்டையும் டென்னிஸ் பந்துமாக ஐம்பதடி தள்ளி நிறுத்துங்கள், அல்லது பழைய டென்னிஸ் ராக்கெட் இருந்தால் இன்னும் நல்லது, பந்து நன்றாக மேலே ஏறும். நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு செருப்பை வையுங்கள். அவன் அடித்ததும் ஓடுங்கள், பக்கத்தில் நிற்கிற மூன்றாவது ஆள் சத்தமாக "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நொடி கணக்கில் எண்ணி "நில்" என்றதும் அப்படியே நின்றுவிடுங்கள். பந்தைப் பிடிக்கவே வேண்டாம். பந்து விழுந்த இடத்தில் இன்னொரு செருப்பு. இப்போது திரும்பிப் பாருங்கள்: முதல் செருப்பிலிருந்து இரண்டாவது செருப்புக்கு ஒரு கோடு போட்டால் நீங்கள் அந்தக் கோட்டின் மேல் நிற்கிறீர்களா, விலகி நிற்கிறீர்களா, எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்? முதல் நாள் நிறையப் பேர் கோட்டை விட்டு நாலைந்து அடி தள்ளித்தான் நிற்பார்கள். பிடிக்கிற அவசரம் இல்லாததால் காலில் மட்டும் கவனம் போகும், அதுதான் இந்தப் பயிற்சியின் அழகு.

கிளம்புவது எப்படி? பந்து வீசுகிறவர் கையை விடும் நேரத்தில் சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. முழங்கால் லேசாக மடங்கி, எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். பந்து பேட்ஸ்மேனை நெருங்கும்போது ஒரு சின்னத் துள்ளல், இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையைத் தொடுகிற மாதிரி. அந்தத் துள்ளலிலிருந்து எந்தப் பக்கமும் பாயலாம். ஒவ்வொரு பந்துக்கும் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். இருபது ஓவருக்கு 120 தடவை, அதில் நூறு தடவைக்கு மேல் பந்து உங்கள் பக்கமே வராது. வராத பந்துக்கும் தயாராக நிற்பதற்குப் பெயர்தான் ஃபீல்டிங்.

பந்து தலைக்கு மேல் போகிறது என்றால் பின்பக்கமாகவே நடக்காதீர்கள். விழுந்து பின்மண்டையில் அடிபடுவது இப்படித்தான். வலது தோளுக்கு மேல் போனால் முதலில் வலது காலைப் பின்னால் இழுத்து இடுப்பைத் திறங்கள், அப்புறம் உடம்பைத் திருப்பி முழு ஓட்டம். இடது என்றால் இடது கால். ஓடும்போது கையை நீட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஏராளம், அதனால் வேகம் பாதியாகிவிடும். சாதாரண ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிற மாதிரி கையை வீசி ஓடுங்கள், கடைசி இரண்டு எட்டில் கையை நீட்டினால் போதும். குதிகால் தரையில் இடிக்க ஓடினால் தலை குலுங்கும், தலை குலுங்கினால் வானத்தில் இருக்கிற பந்தும் ஆடுகிற மாதிரித் தெரியும். முன்பாதத்தில் ஓடினால் பந்து அமைதியாக இருக்கும்.

இருப்பதிலேயே கஷ்டமான பந்து பக்கவாட்டில் போவது இல்லை, உங்கள் மூக்குக்கு நேராக வருவதுதான். பக்கத்தில் போகிற பந்தின் வளைவு கண்ணுக்குத் தெரியும், நேரே வருகிற பந்து முன்னால் விழுமா தலைக்கு மேல் போகுமா என்று ஒரு கணம் புரியாது. இங்கேதான் எல்லோரும் முன்னால் ஓடிவந்துவிட்டு, பந்து தலைக்கு மேல் பறப்பதைத் திரும்பிப் பார்க்கிறார்கள். சாப்மன் என்ற இயற்பியலாளர் 1968இல் இதற்கு ஒரு கணக்கு எழுதினார். அதை மைதானத்து மொழியில் சொன்னால் இப்படி வரும்: பந்தைப் பார்க்கிற பார்வை மேலே ஏறிக்கொண்டே போகும் அல்லவா, அது ஏறுகிற வேகத்தைக் கவனியுங்கள். வரவர வேகமாக ஏறினால் பந்து உங்களைத் தாண்டப் போகிறது, பின்னால் போங்கள். ஏறுவது மந்தமாகி நின்றுவிட்டால் முன்னால் விழப்போகிறது, ஓடி வாருங்கள். ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். இதை யாரும் மைதானத்தில் கணக்குப் போட்டுச் செய்வதில்லை, நூற்றுக்கணக்கான பந்து பார்த்தால் கண்ணே பழகிக்கொள்ளும். அதுவரைக்கும் ஒரு விதி: நேரே வருகிற உயரமான பந்துக்கு முதல் எட்டு பின்னால். முன்னால் ஓடிவருவது பின்னால் ஓடுவதைவிட எப்போதும் சுலபம்.

இன்னொன்று, அடித்த பந்து நேர்கோட்டில் போவதில்லை. பேஸ்பாலில் லெஃப்ட், ரைட் இரண்டு பக்கமும் பந்து சுழன்று ஓரக் கோட்டை நோக்கி வளையும். நம் மேட்ச்களில் டாப் எட்ஜ் பட்டு உயரே போகிற பந்தும் சுழலும், காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் பந்துக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு காத்திருக்காமல் ஓரடி பின்னால் நின்று, கடைசியில் ஒரு எட்டு முன்னால் வைத்துப் பிடியுங்கள்.

நம்ம ஊர் மைதானங்களுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. வேலூரைச் சுற்றி மலை. தாழ்வாக வருகிற பந்து மலையின் பாறையும் புதருமான பின்னணியில் ஒரு கணம் காணாமல் போகும், மேலே ஏறியதும் வெளிர் வானத்தில் மறுபடி தெரியும், இறங்கும்போது திரும்ப மறையும். அழுக்கேறிய பழைய பந்தென்றால் சுத்தம். கியர்மேயர் பல வருடம் ஆடிய ட்ராபிகானா ஃபீல்டிலும் இதே தொல்லை. மூடிய கூரை, வெளிர் நிறம், அதில் வெள்ளைப் பந்து. வெளியூர் டீம்கள் அங்கே வந்து தடுமாறும், உள்ளூர்க்காரருக்குப் பழகிவிடும். நீங்களும் மேட்சுக்கு முன்னால் பத்து நிமிஷம் சீக்கிரம் போய், நிற்கப்போகிற இடத்திலிருந்து அடிக்கிற திசையைப் பாருங்கள். நேதாஜி ஸ்டேடியமோ, காட்பாடியோ, ஏதோ ஒரு கல்லூரி கிரவுண்டோ, பந்து எந்த உயரத்தில் மலையைத் தாண்டி வானத்துக்கு வரும், எங்கே மரம், எங்கே கட்டடம் என்று மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். சூரியனுக்குள் பந்து போனால் இரண்டு கண்ணையும் மூடிவிடாமல், கிளவுஸ் கையையோ வெறும் கையையோ சூரியனுக்கு நேரே தூக்கி மறைத்துக்கொண்டு, அதன் ஓரத்திலிருந்து பந்தைத் தேடுங்கள். நேருக்கு நேர் நிற்காமல் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். அக்னி நட்சத்திரக் காலத்தில் காலை எட்டரைக்கு மேல் உயரக் கேட்ச் பழகாதீர்கள். 40 டிகிரியைத் தாண்டுகிற வெயிலில் நின்று சாதிக்கப்போவது எதுவும் இல்லை.

எறிவது

கேட்ச் பிடித்துவிட்டுப் பந்தை மேலே தூக்கிப் போட்டுக் கொண்டாடுகிற பழக்கத்தை முதலில் விடுங்கள், குறிப்பாகப் பேஸ்பால் ஆடுகிறவர்கள். அங்கே கேட்ச் ஆனதோடு பந்து செத்துப்போவதில்லை. ரன் எடுக்க ஒவ்வொன்றாகத் தொட்டுச் சுற்றிவர வேண்டிய இடங்களுக்குப் பெயர் பேஸ். பிடித்த பிறகு ரன்னர் தன் பேஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் அடுத்த பேஸுக்கு ஓடலாம். பெரிய லீகின் இறுதித் தொடருக்கு உலகத் தொடர் என்று பெயர். 1954 உலகத் தொடர் முதல் ஆட்டத்தில் ஜயண்ட்ஸ் டீமின் சென்டர் ஃபீல்டர் வில்லி மேஸ், விக் வெர்ட்ஸ் அடித்த பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி தோளுக்கு மேல் பிடித்ததை இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த கணம். பிடித்த வேகத்திலேயே சுழன்று, தொப்பி எங்கேயோ பறக்க, பந்தை எறிந்துவிட்டார். ஸ்கோர் 2-2, இரண்டாவது பேஸில் நின்ற லாரி டோபி மூன்றாவது பேஸுக்கு மேல் போக முடியவில்லை. அந்த எறி இல்லையென்றால் ரன் போயிருக்கும். ஜயண்ட்ஸ் அந்த ஆட்டத்தைப் பத்தாவது இன்னிங்ஸில் ஜெயித்தது, தொடரையும் 4-0 என்று முடித்தது.

வலதுகைக்காரர் எறிகிற விதம்: இரண்டு கையாலும் வலது தோள் பக்கம் பிடித்து, வலது காலால் முன்னே ஒரு குறுந்துள்ளல், இடது காலை இலக்கை நோக்கி வைத்து, முழு உடம்போடு எறிவது. அந்தத் துள்ளல்தான் கைக்கு வரவேண்டிய பாரத்தை இடுப்புக்கு மாற்றுகிறது. நின்ற இடத்திலிருந்து வெறும் தோளால் எறிகிறவர்களுக்குத்தான் தோள்வலி சீக்கிரம் வரும். விரல் தையலுக்குக் குறுக்கே இருந்தால் பந்து நேராகப் போகும். வானத்துக்கு எறியாதீர்கள். இடையில் நிற்கிற ஆளின் தலை உயரத்துக்கு எறிந்தால் அவர் வெட்டிப் பிடித்து மாற்றி எறியலாம், இல்லை விட்டுவிட்டால் ஒரு பிட்ச்சில் கீப்பர் கைக்குப் போகும். பயிற்சியில் பத்து மீட்டரில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குங்கள், வந்ததும் வராததுமாக பவுண்டரியிலிருந்து வீசிக் காட்ட வேண்டாம்.

கூப்பிடுவது ஒரு வரியில் முடிகிற விஷயம்தான். சத்தமாக, ஒரே வார்த்தை, இரண்டு மூன்று தடவை: "மைன், மைன்!" பேஸ்பாலில் சென்டர் ஃபீல்டர் கூப்பிட்டால் மற்ற இருவரும் விலக வேண்டும், உள்ளே நின்று பின்னால் ஓடுகிறவரும் முன்னால் ஓடி வருகிற அவுட்ஃபீல்டரும் ஒரே பந்துக்குப் போனால் அவுட்ஃபீல்டருக்குத்தான் முன்னுரிமை, ஏனென்றால் பந்து அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இதை மேட்சுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "நீ எடுப்பேன்னு நினைச்சேன்டா" என்பது விழுந்த பிறகு பேசுகிற பேச்சு.

டைவ் பழக ஆசையா?

பாலாற்று மணல் இருக்கும்போது வேறு மைதானம் எதற்கு. மணலில் டைவ் அடிக்கப் பழகினால் முழங்கை உரியாது, பயம் போகும். ஆனால் இறங்குவதற்கு முன் ஒரு சுற்று நடந்து கண்ணாடித் துண்டு, முள், மணல் அள்ளிய குழி எல்லாம் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம், 2021 நவம்பரில் பாலாறு எப்படி ஓடியது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேலேயிருந்து குதிப்பது டைவ் இல்லை. ஓட்டத்திலேயே உடம்பைத் தாழ்த்தி, தரைக்குப் பக்கத்தில் வந்து, நெஞ்சும் வயிறும் வழுக்குகிற மாதிரி நீள வேண்டும். பிடிக்கிற கை மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே மடக்கியபடி இருக்கட்டும், உள்ளங்கை தரையில் குத்தி மடங்கினால் எலும்பு போய்விடும்.

சும்மா பயமுறுத்தவில்லை. கியர்மேயருக்கே 2016இல் டைவ் அடிக்கும்போது இடது கையில் எலும்பு முறிந்தது. 2017இல் முதல் பேஸுக்குச் சறுக்கியதில் இடுப்பெலும்பில் முறிவு, 2018இல் கட்டைவிரல் தசைநார் கிழிந்தது, 2022இல் இடுப்பில் அறுவை சிகிச்சை. அப்படியும் 2023இல் டொராண்டோவுக்குப் போய் நாலாவது கோல்ட் கிளவ் வாங்கினார் என்பது வேறு கதை. எலும்பு ஒட்டும்வரை சம்பளம் கொடுக்க அவருக்கு ஒரு டீம் இருந்தது, உங்களுக்குத் திங்கட்கிழமை காலேஜோ வேலையோ இருக்கிறது. அதனால் டைவுக்கு முன் ஒரே கேள்வி: தவறினால் பின்னால் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லையென்றால், ஒரு ரன்னோடு போகட்டும் என்று நின்று மறித்துவிடுங்கள்.

கிளவுஸ் பற்றி, பேஸ்பால் ஆடுகிறவர்களுக்கு மட்டும். அவுட்ஃபீல்டருக்குப் பெரிய கிளவுஸ் வேண்டும், பொதுவாக 12.5 முதல் 12.75 அங்குலம். எறிகிற கைக்கு எதிர்க் கையில் போட வேண்டும். புதுத் தோலை மென்மையாக்க அதை அடுப்புப் பக்கம் காட்டுவது, தண்ணீரில் ஊறவைப்பது மாதிரி வித்தைகள் எல்லாம் தோலைக் கெடுக்கும். கொஞ்சமாகக் கண்டிஷனர் தடவி, பந்தை அதற்குள் போட்டுப் போட்டு விளையாடுவதுதான் வழி. மதியம் பைக் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் சாயந்திரம் அப்பளமாக வெளியே வரும். முதலில் அறுவது பெரும்பாலும் வலைப் பகுதியின் உச்சியில் இருக்கிற தோல் வார்தான். அதற்காகப் புதுக் கிளவுஸ் வாங்க ஓட வேண்டியதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று தோல் வேலை தெரிந்தவர்கள் நிறைந்த வட்டாரம் இது. அதே அகலத்தில் ஒரு வார் வாங்கி, பழைய வாரை முழுசாக உருவுவதற்கு முன் அது எந்தத் துளையில் நுழைந்து எதில் வெளியே வருகிறது என்று போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு கோர்த்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

டீமில் இடம் பிடிப்பது

விட்ட கேட்சை மட்டும் எண்ணுகிற கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மெதுவாக ஓடுகிறவன் பந்துக்குப் பக்கத்திலேயே போக மாட்டான், அதனால் அவன் பேரில் தப்பே எழுதப்படாது. ஓடிப்போய் விரல் நுனியில் தொட்டு விட்டவன் பேரில் ட்ராப் என்று எழுதுவார்கள். பேஸ்பாலிலும் ரொம்ப நாள் இப்படித்தான் எண்ணினார்கள், இப்போதுதான் ஒவ்வொரு பந்துக்கும் அது பிடிபட எவ்வளவு சாத்தியம் என்று கணக்கிடுகிறார்கள். சாத்தியம் 25 சதவீதம் வரை இருக்கிற பந்தைப் பிடித்தால் ஐந்து நட்சத்திரக் கேட்ச்.

உங்கள் டீமில் ஸ்கோர் எழுதுகிறவரிடம் சொல்லி, ஓரத்தில் மூன்று குறி போடச் சொல்லுங்கள்: சுலபம், பாதிக்குப் பாதி, கஷ்டம். பிடித்ததா விட்டதா என்று பக்கத்திலேயே ஒரு டிக். மறித்த ரன்னுக்கும் ஒரு கோடு. ஒரு சீசன் முழுக்க இதை எழுதி வைத்தால் கேப்டனிடம் பேச உங்கள் கையில் ஏதாவது இருக்கும். பேட்டிங்கில் ஏழாவது எட்டாவதாக வருகிறவருக்கு வேறு வழக்கறிஞர் கிடையாது.

பதினொன்றில் இடம் இல்லையென்றால் பன்னிரண்டாவது ஆளாகப் போக வெட்கப்படாதீர்கள். 2005 ஆஷஸில் டிரென்ட் பிரிட்ஜில் பான்டிங்கை ரன் அவுட் ஆக்கிய கேரி பிராட் மாற்று ஃபீல்டர்தான். கியர்மேயர் முதல் ஆட்டத்தில் இறங்கியதும் அப்படித்தான், கடைசி வருடமான 2024இல் சீசன் நடுவில் டாட்ஜர்ஸ் அவரை வாங்கியதும் பெரும்பாலும் இதே வேலைக்குத்தான், அந்த வருடம் டாட்ஜர்ஸ் உலகத் தொடரை ஜெயித்தது. கேப்டனிடம் போய் "எனக்கு பேட்டிங் வேண்டாம்ணா, கடைசி அஞ்சு ஓவர் லாங் ஆன்ல மட்டும் நிக்க வைங்க" என்று கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தைக் கேட்டு வாங்குகிறவர் யாரும் இல்லாததால் மறுக்க மாட்டார்.